பொட்டு வைத்த டிஸ்க்

மூன்றாவது டிஸ்க் செத்துக் கிடந்தது. அதில் 'பழுது' என்று எழுதலாமென்று எடுத்தால், மார்க்கர் பேனாவும் செத்துக் கிடந்தது.

ஒரகடம் தொழிற்சாலையின் சர்வர் அறையில் மாரிராஜ் தலையைச் சொறிந்தான். ஆயுதபூஜை லீவு முடிந்த முதல் நாள். மேனேஜர் வரதராஜுலு காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்: "சர்வர் காலியாத்தான் இருக்கு. மேசை மேல புது டிஸ்க் அஞ்சு இருக்கும். ஒவ்வொண்ணா சுத்தமா அழிச்சு, செக் பண்ணி, சர்வர்ல சேத்து மாட்ட ரெடி பண்ணு. மூணு மணிக்கு லைன் ஓடணும். ஓடுச்சுன்னா உன் கன்பர்மேஷன்ல கையெழுத்து."

அந்தக் கையெழுத்துக்காகத்தான் பாவம் பிள்ளை தவமிருந்தான். வேலை நிரந்தரமானால் சுங்குவார்சத்திரத்தில் ஒரு வீடு பிடித்து, ஊரிலிருக்கும் இசக்கிசெல்வியை அழைத்து வரலாம். கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. குடித்தனம் போனிலேயே நடக்கிறது!

பூஜையில் மிஞ்சிய குங்குமம் கண்ணில் பட்டது. தேறிய மூன்று டிஸ்க்குக்கு ஆளுக்கொரு பொட்டு வைத்தான். செத்ததற்கும், அழித்தும் இன்னும் சோதிக்காத ஐந்தாவதற்கும் வைக்கவில்லை. நிம்மதியாக டீ குடிக்கப் போனான்.

திரும்பி வந்தால் ஐந்திலும் பொட்டு!

"யக்கா, என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

தரை துடைத்துக்கொண்டிருந்த கங்கம்மாள் நிமிர்ந்தாள். "ரெண்டு மட்டும் மூளியா கெடந்துச்சு கண்ணு. மனசு கேக்கல."

"எந்த ரெண்டு?"

"எனக்கு இன்னா தெரியும்? அல்லாம் ஒரே மாரி கீது."

"ஐயோ, என் பொழப்பே போச்சு!"

பிள்ளை முகம் போன போக்கைப் பார்த்து கங்கம்மாளுக்கு மனசு கலங்கிவிட்டது. "அழாத கண்ணு, நானே சரி பண்றேன்" என்று அவன் தடுப்பதற்குள் ஈரத்துணியால் ஐந்தையும் பளபளவென்று துடைத்து வைத்தாள்.

வேறு வழி? முதலிலிருந்து ஐந்தையும் மறுபடி அழித்தான், மறுபடி சோதித்தான். சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை. செத்த டிஸ்க் சிக்கியபோது மணி இரண்டே முக்கால்.

வரதராஜுலு உள்ளே வந்தார். மாரிராஜ் நடந்ததை மறைக்காமல் சொன்னான்.

"நாலு நல்லாருக்கு சார், ஒண்ணு பழுது. எல்லாத்தையும் ரெண்டு தடவ சுத்தமா அழிச்சாச்சு. உள்ள ஒரு எழுத்து கூட மிச்சமில்ல."

"ரெண்டு தடவையா? அதான்யா பொறுப்பு! நாலு போதும், மாட்டு. புதுசுலயே ஒண்ணு பழுதுன்னு குடுத்தவனை நான் பாத்துக்கறேன்." அங்கேயே பேனாவை எடுத்துக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மாரிராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஸ்டோர்ஸ் கோபால் ஒரு அட்டைப்பெட்டியோடு வாசலில் வந்து நின்றான்.

"சார், புது டிஸ்க்கு அஞ்சும் இப்பதான் வந்து எறங்குச்சு. நீங்க சாமிக்கு வெக்கணும்னு சர்வர்லேந்து கயட்டி மேசைல வெச்ச பயசு அஞ்சும் எங்க சார்? மொத்த கம்பெனி கணக்கும் அதுலதான கீது?"