கத்திரி சாருக்கு ஐப்பசி ஆகாது

சென்னையின் மே மாத வெயிலை மனதாரக் காதலித்த ஒரே மனிதர் கத்திரி சார்தான். பெயரே அதனால் வந்தது. தொண்ணூறுகளில் தி.நகர் மேன்ஷன் ஒன்றில் எனக்கும் வாட்ச் கடை பஷீர் பாய்க்கும் அறைத்தோழர். மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. தார் உருகும் மத்தியானத்தில் டை கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பாடியபடி போவார். மற்ற பிரதிநிதிகள் இளநீர் வண்டி நிழலில் சுருண்டு கிடக்க, இவர் மயிலாப்பூர், அடையாறு டாக்டர்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் அடிச்சா நல்லா இருக்கும்" என்று சூரியனைக் குறை சொல்வார்.

ஐப்பசி பிறந்தால் ஆள் மாறிவிடுவார். பாட்டு நிற்கும், ஷேவிங் நிற்கும், பிறகு குளியலும். மெஸ் இட்லியைத் துக்கம் விசாரிப்பதுபோலப் பார்ப்பார். மழையில் வேலை போவதும், கோடையில் வேறு கம்பெனி கிடைப்பதும் அவருக்கு வழக்கம். ஊரில் அவருடைய அப்பாவே வைத்த பட்டம், சோம்பேறி.

ஒரு வருடம் மழை விடாமல் பெய்தது. சுவரைப் பார்த்துப் படுத்தவர் திரும்பவே இல்லை. "இருந்து என்ன பண்ணப் போறேன்?" என்றார் ஒரு காலையில். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பஷீர் பாய் போர்வையை உருவினார்.

"எந்திரி நைனா. டாக்டராண்ட போலாம்."

"எனக்கு ஒண்ணும் இல்ல பாய். வானத்துக்குத்தான் உடம்பு சரியில்ல."

"அதுக்கும் சேத்து மருந்து வாங்கிக்கினு வரலாம், வா."

முழங்கால் தண்ணீரில் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தோம். கத்திரி சார் வழக்கமாக மருந்து விற்கப் போகும் டாக்டரம்மா அவரைக் கண்டதும், "மெடிக்கல் ரெப்பெல்லாம் சனிக்கிழமைதான்" என்றார்.

"இன்னிக்கு நான் பேஷண்ட் மேடம்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். "சில பேருக்கு வெளிச்சம் குறைஞ்சா மனசும் இறங்கிடும். இதுக்கு வைத்தியம் இருக்கு. இது சோம்பேறித்தனம் இல்ல."

"கடைசியா சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்."

சொன்னார். கத்திரி சார் எங்கள் முன்னாலேயே அழுதார்.

மாத்திரை, பேச்சுத்துணை, விடிந்ததும் வெளிச்சத்தில் நடை. நடைக்குப் பொறுப்பு பாய். குடை பிடித்துப் பூங்காவுக்கு இழுத்துப் போவார்.

"சூரியனே வரல பாய், நான் எதுக்கு?"

"அது வராட்டி இன்னா? நான் வந்துகீறேன்ல?"

கொஞ்சம் கொஞ்சமாக ஷேவிங் திரும்பியது, இட்லி இறங்கியது. அடுத்த வருடம் மேகம் கூடியதுமே அவராகவே டாக்டரிடம் போய்விட்டார். அந்த மழையில் வேலை போகவில்லை. சுருதி சற்றுக் குறைந்தாலும் பாட்டும் நிற்கவில்லை.

இப்போது அவர் வேலூரில் இருக்கிறார். இங்கே வானம் கறுத்தால் அவருக்குப் போன் போட்டுவிடுவேன். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மழை அழகாகத் தெரியும்.