துப்பாக்கி எண்ணை எழுதியவள் நான்தான்

தப்புச் செய்தவர்கள் தலைகுனிய வேண்டும் என்பார்கள். நான் குனிந்ததில்லை. (கழுத்துவலி வேறு.)

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் எனக்கு முதல் வேலை. சேர்ந்து இரண்டே மாதம். கம்பெனியே என் தோளில் நிற்பதாக நினைப்பு. அங்கே காவலுக்கு இருந்த துரைராஜ் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர். சொந்த லைசென்ஸில் இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அதை வைத்துத்தான் அவருக்கு அந்த வேலையே.

ஒரு திங்கட்கிழமை காலை காவல் அறைப் பூட்டு உடைந்து கிடந்தது. துப்பாக்கியைக் காணோம்.

"லைசென்ஸ் போச்சுன்னா வேலையும் போச்சும்மா" என்றார் அண்ணன். மேனேஜரோ, "முதலாளி சென்னைலேர்ந்து வரட்டும், அவசரப்படாதீங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. லைசென்ஸ் புத்தகம் புதுப்பிக்கக் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தது. அதனால் கம்பெனிப் பதிவேட்டைத் திறந்து, எண்ணைப் பார்த்து, நானே புகார் எழுதி, அண்ணனை ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் போய் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அங்கிருந்து போன் வந்தது. நெமிலிப் பக்கம் வாகனச் சோதனையில் ஒரு துப்பாக்கி சிக்கியிருந்தது. இருவரும் ஓடினோம். அதைப் பார்த்ததுமே அண்ணன், "என்னுதுதான் சார்!" என்று கும்பிட்டார்.

எஸ்.ஐ. குழலில் பொறித்திருந்த எண்ணையும் என் புகாரையும் மாறி மாறிப் பார்த்தார். "நம்பர் ஒத்து வரலையே. இது வேற யாரோடதோ."

அண்ணன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை. "திருடன் நம்பரை அழிச்சிட்டு வேற அடிச்சிருப்பான் சார். நான் எழுதினது தப்பா இருக்காது" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் வகுப்பெடுத்தேன். (அதுவரை நான் தொட்டிருந்தது தீபாவளித் துப்பாக்கி மட்டும்.)

எஸ்.ஐ. கலெக்டர் ஆபீசுக்குப் போன் போட்டார். அவர்கள் படித்த எண் குழலில் இருந்த எண்ணேதான்.

"அப்போ நீ எழுதினது இன்னா நம்பரும்மா?"

மேனேஜரைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார் எஸ்.ஐ. பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு மேனேஜரின் குரல்: "அது நம்ம தையல் மெஷின் நம்பர்மா. துப்பாக்கி அதுக்கு மேல் வரில இருக்கு!"

ஸ்டேஷனே சிரித்தது. லாக்கப்பில் இருந்த ஆள்கூட. "மூணு நாளா மாவட்டம் பூரா தையல் மெஷினைத் தேடிட்டு இருந்திருக்கோம்" என்றார் எஸ்.ஐ.

முகம் தீயாய் எரிந்தது. ஆனாலும் விடவில்லை. "துப்பாக்கியையும் தையல் மெஷினையும் ஒரே பக்கத்துல எழுதி வெச்சது யார் தப்பு சார்?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெள்ளைத்தாளை நீட்டினார். "அன்னைக்கே நீ வந்து சொன்னதாலதான் வண்டிங்களை நிறுத்திப் பார்த்தோம். அதுக்காக விடறேன். திருத்தி எழுதிக் குடு."

கோர்ட் வழியாகத் துப்பாக்கி திரும்பி வந்தது. அண்ணன் வேலையும் தப்பியது.

இன்றும் என் மகள் ஏதாவது படிவம் நிரப்பினால் கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "ஆதார் நம்பரை அம்மாகிட்ட கேக்காத. வாஷிங் மெஷின் நம்பரைக் குடுத்துடுவா!"

சிரிக்கட்டும். அன்றைக்கு அத்தனை பேர் கைகட்டி நின்றபோது பேனாவை எடுத்தவள் நான் ஒருத்திதான். அந்தப் புகார் இன்னும் ஸ்டேஷனில் இருக்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஒரு எழுத்துப்பிழைகூட இருக்காது.