வால்வு பூட்டியாச்சோ?

மனைவிக்குச் சொல்லும் பொய்களில் மோசமானது, அன்றைக்கே பிடிபடாத பொய்தான். உடனே பிடிபட்டால் ஒரு நேரத்துப் பேச்சோடு போய்விடும். நான் கட்டாரிலிருந்து சொன்ன பொய் ஒன்பது வருடம் என்னோடு சேர்ந்து வளர்ந்தது. அங்கே கட்டடங்களுக்கு ஸ்பிரிங்ளர் பூட்டும் கம்பெனியில் (நெருப்புச் சூடு பட்டதும் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்குமே, அந்தச் சாமான்) நான் எஞ்சினியர் என்று பிலோமினாவிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் என் வேலை ஏணி பிடிப்பது. மேலே நிற்பவனுடைய உயிர் என் கையில் இருந்ததால், எஞ்சினியர் என்று சொல்வதில் பெரிய பிழையில்லை என்று அப்போது எனக்குப் பட்டது.

திரும்பி வந்து ஊர்காவற்துறையில் சின்ன விடுதி ஒன்று கட்டினோம். காணி பிலோவின் சீதனம், யோசனையும் அவளுடையதே. ஸ்பிரிங்ளர் மட்டும் என் யோசனை. யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வந்து அதைப் பூட்டினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு மேற்பார்வை செய்தேன். பிறகு விறாந்தைக் கூரைக்கு வெள்ளை அடித்தபோது, கீழே நீட்டிக்கொண்டிருந்த ஆறு ஸ்பிரிங்ளர் தலைகளுக்கும் ஒன்று விடாமல், கீழே நின்றபடியே நீளத் தடியில் கட்டிய பிறஷால் பெயின்ற் பூசினேன். பார்க்க வடிவாய்த்தான் இருந்தது.

பரிசோதிக்க வந்த அதிகாரி அண்ணாந்து பார்த்தார். "பெயின்ற் பட்ட தலை சூட்டை அறியாது. ஆறையும் மாத்துங்கோ. வியாழக்கிழமை வந்து பாப்பன், அதுக்குப் பிறகு திறக்கலாம்."

"அதுக்கென்ன சேர், இவர் எஞ்சினியர்தானே. மாத்திப்போடுவார்" என்றாள் பிலோ.

நானும் அதிகாரியோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினேன்.

புதன்கிழமை காலை. விடுதியின் பின்பக்கத்தில் தண்ணீரை மூடும் வால்வு உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சூசை அண்ணை (வள்ளத்து எஞ்சின்களை நித்திரையிலும் கழற்றிப் பூட்டுவார்) புது வால்வு ஒன்றோடு அங்கே போனார். நான் விறாந்தையில் ஏணியில் ஏறினேன். வாழ்க்கையிலேயே முதல் தடவை ஏணியின் மேல்பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். பிலோ கீழே பிடித்துக்கொண்டாள்.

"சூசை அண்ணை, வால்வு பூட்டியாச்சோ?"

"ஓமோம், வடிவாப் பூட்டியாச்சு!"

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பைப்பைத் திருகி மூடுவதும் பூட்டுவதுதான். புதுப் பைப்பைப் பொருத்துவதும் பூட்டுவதுதான். நான் கேட்டது முதலாவது. அண்ணை சொன்னது இரண்டாவது.

முதல் தலையைக் கழற்றினேன். மாதக்கணக்காய்க் குழாய்க்குள் கிடந்த தண்ணீர், தார் மாதிரிக் கறுப்பாய், நாறல் மீன் மணத்தோடு என் முகத்தில் இறங்கியது. உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்தினேன். தண்ணீர் சட்டைக் கைக்குள்ளால் புகுந்து காற்சட்டைக் காலால் வெளியேறிப் பிலோவின் தலையில் ஊற்றியது.

"அண்ணை, பூட்டுங்கோ!"

"பூட்டித்தானே கிடக்கு!"

"இன்னும் பூட்டுங்கோ!"

"ஏலாது தம்பி, இதுக்கு மேல இறுக்கினா புரி போயிடும்!"

பிலோவுக்குத்தான் விளங்கியது. "கோதாரி, தண்ணியை நிப்பாட்டுங்கோ அண்ணை!" என்று கத்தினாள். தண்ணீர் நின்றது.

விறாந்தையில் அடுக்கியிருந்த புதுக் கட்டில் விரிப்புகள் எல்லாம் கறுப்பு. பிலோவின் கன்னத்திலும் கறுப்பு வழிந்தது. ஒன்பது வருடப் பொய்யை இனி என்னால் தூக்க முடியவில்லை.

"பிலோ, நான் எஞ்சினியர் இல்லை. அங்க ஏணி பிடிச்சனான்."

"தெரியும்."

"எப்பவிருந்து?"

"நீங்கள் அனுப்பின முதல் படத்திலேயே. எல்லாரும் மேல பாக்கினம், நீங்கள் மட்டும் ஏணியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்."

"ஏன் அப்பவே கேக்கேல்லை நீர்?"

அவள் சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். "தகரக் கொட்டிலில படுத்தெழும்பி உழைச்சனீங்கள். உங்களுக்கெண்டு ஒரு பெருமை கிடக்கட்டுமெண்டு விட்டனான். இப்ப இறங்குங்கோ."

புதுத் தலைகள் வந்த பெட்டிக்குள் ஒரு கடதாசி இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை (எஞ்சினியர் பார்ப்பாரா?). பிலோ அதை இரண்டு தரம் வாசித்தாள். சூடு பட்டால் உடையும் கண்ணாடிக் குமிழில் கை படாமல், உரிய திருகுசாவியால், ஆறு தலைகளையும் அவளே ஏறி மாற்றினாள். பிறகு அண்ணை தண்ணீரைத் திறந்துவிட்டார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

வியாழக்கிழமை காரைநகர்ப் படகில் வந்திறங்கிய அதிகாரி ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். "நல்லாச் செய்திருக்கு. ஆர் மாத்தினது?"

நான் வாயைத் திறக்கமுதல் பிலோ சொன்னாள்: "இவர்தான் சேர். கட்டாரில எஞ்சினியரா இருந்தவர்." முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை.

விடுதி திறந்தது. அவள் சொன்ன அந்த ஒரு வசனமும் அதிகாரியோடு படகேறிப் போய்விட்டது. இரண்டு மாதத்தில் காரைநகரில் ஒரு கலியாண மண்டபத்துக்காரர் தன் ஸ்பிரிங்ளர் தலைகளை மாற்ற எங்களைக் கூப்பிட்டார். போனோம். பிலோ சேலையைச் சொருகிக்கொண்டு ஏணியில் ஏற, அவர் திகைத்துப்போனார். "எஞ்சினியர் ஏறேல்லையோ?"

"எஞ்சினியர்மார் ஏறமாட்டினம் அண்ணை" என்று மேலிருந்து பதில் வந்தது. "அவை கீழ நிண்டு பாக்கிறவை."

இந்தக் கதை எங்கள் மகளுக்குத் தெரிந்த நாளிலிருந்து, வீட்டில் ஒரு பல்ப் எரியாவிட்டாலும், "அம்மா, நீங்கள் ஏறுங்கோ, நான் எஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்கிறாள். நானும் போகிறேன். கட்டாரில் பிடித்ததைவிட இப்போது இறுக்கிப் பிடிக்கிறேன். (மேலே நிற்பது பிலோ அல்லவா.)