பச்சை மையில் நாற்பது பங்கு

ஈயை அடிக்கப் போய்த்தான் ஜாடி உடைந்தது. ஈக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைந்த துண்டுகளின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, சேதத்தைப் பார்வையிட்டுவிட்டு, ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

சுருட்டிய செய்தித்தாளும் கையுமாக ஓய்வுபெற்ற குமாஸ்தா அப்படியே நின்றார். அது லேசுப்பட்ட ஜாடி அல்ல. அவர் கல்யாணத்துக்கு மனைவியின் அண்ணன் தன் கையாலேயே வனைந்து, தேன் நிறப் பூச்சுப் பூசி, சுட்டுக் கொடுத்தது. "இது உடைஞ்ச அன்னைக்கு நம்ம உறவும் உடைஞ்சதுன்னு வச்சுக்கோங்க மாப்பிள்ளை" என்று சொல்லியும் கொடுத்தது. சொன்னால் செய்கிற மனுஷர். குடையைத் திருப்பித் தராத சொந்தத் தம்பியோடு அவருக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

அந்த அண்ணனை அழைத்துவரத்தான் மனைவி ஊருக்குப் போயிருந்தாள். இருவரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். இன்று திங்கள்.

போன் அடித்தது. மனைவிதான்.

"ஜாடி பத்திரமா இருக்கா?"

"அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு."

"அண்ணன் வந்ததும் முதல்ல அதைத்தான் பார்ப்பாரு. தூசி தட்டி வைங்க... வேண்டாம், வேண்டாம், நீங்க கிட்டவே போகாதீங்க!"

மனைவியும் அண்ணனைப் போலவே மண்பாண்டத் தொழில்தான். வீட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை, ஒரு மின்சாரச் சூளை. சூளையைப் போட்டு அணைப்பது மட்டும் குமாஸ்தாவின் இலாகா. பட்டறை அலமாரியில் அதே வயிறும் அதே கழுத்துமாக, ஒரு தடவை சுட்டுப் பூச்சுப் பூசாத ஜாடிகள் மூன்று, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. ஏன் மூன்று என்று அவர் யோசிக்கவில்லை. வரம் கிடைத்தவன் கணக்குக் கேட்பானா?

மனைவியின் நோட்டைப் புரட்டினார். தேன் பூச்சு: மணல், களிமண், ஃபிரிட். ஃபிரிட்டுக்கு நேரே நீல மையில் இருபது பங்கு. பக்கத்தில் பென்சிலில் இருபத்தைந்து. அதன் தலைமேல் பச்சை மையில் நாற்பது.

டப்பாவைத் திறந்தார். ஃபிரிட் என்பது வெறும் கண்ணாடித் தூள்.

"கண்ணாடியை அரைச்சு எந்தப் புத்திசாலி ஜாடியில பூசுவான்? இது வேண்டாம்."

"வேணும்னு நினைக்கிறேன் ஐயா" என்றாள், பட்டறையைப் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாள்.

"உனக்கென்னம்மா தெரியும்?"

"எனக்கென்னங்க தெரியும்" என்று குனிந்துகொண்டாள்.

புதன்கிழமை சூளை ஆறியதும் ஜாடியை எடுத்தார். உப்புத்தாள் மாதிரி இருந்தது. தீக்குச்சியை உரசிப் பார்த்தார், பற்றிக்கொண்டது.

மண் சாமான் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"ஃபிரிட் போடலையா? பின்னே எப்படி சார் உருகும்? மணல் சரியான பிடிவாதக்காரன். தனியா உருகச் சொன்னா உங்க சூளையே உருகினாலும் அவன் உருக மாட்டான். அவன்கிட்ட நயமாப் பேசி, கம்மிச் சூட்டுலயே சம்மதிக்க வைக்க ஒரு ஆள் வேணும். அதுக்குப் பேர்தான் ஃபிளக்ஸ்."

"நான் கேட்டது ஃபிரிட்டு."

"அதுக்குத்தானே வர்றேன். வெங்காரம் மாதிரி ஃபிளக்ஸை அப்படியே போட்டா தண்ணியில கரைஞ்சு ஓடிடும். அதனால முன்கூட்டியே மணலோட சேர்த்து உருக்கி, கண்ணாடியாக்கி, அரைச்சு வச்சிடுறாங்க. அதுதான் ஃபிரிட்."

"எவ்வளவு போடணும்?"

"உங்க வீட்டம்மா நோட்டுல இருக்குமே சார்!"

இருந்தது, மூன்று விதமாக. ஆனால் முப்பத்தைந்து வருஷம் அலுவலகத்தில் குப்பை கொட்டியவருக்கு இதில் என்ன குழப்பம்? நீல மை குமாஸ்தா எழுதுவது. பென்சில் செல்லாது. பச்சை மை மேலதிகாரி உத்தரவு. நாற்பது பங்கைக் கொட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை திறந்து பார்த்தால், பூச்சு முழுவதும் வழிந்து காலடியில் குளம் கட்டியிருந்தது. ஜாடிக்கு மேலே வழுக்கை. கீழே, பதவி நீட்டிப்புக் கேட்கும் அதிகாரி நாற்காலியோடு ஒட்டிக்கொண்ட மாதிரி, சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். ஜாடி நாலாயிற்று, தட்டு இரண்டாயிற்று. தட்டின் மறுபக்கத்தில் பழைய தேன் நிறக் கறை ஒன்று உறைந்து கிடந்தது. சூளைத் தட்டு என்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது ஜாடியோடு தட்டும் போச்சு. மிச்சம் ஒரே ஒரு ஜாடி. நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் சமரசமாக முப்பது பங்கு போட்டு, உடைந்த தட்டின் பாதியில் உட்கார்த்திச் சுட்டார்.

ஞாயிறு காலை வெளியே வந்தது. அச்சு அசல் அதே தேன் நிறம்! அடியில் மட்டும் ஒரு கனத்த சொட்டு, சளி பிடித்த குழந்தையின் மூக்கு மாதிரி, விழப்போய் விழாமல் நின்றது. சொட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தார். வாசலில் கார்.

அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே ஜாடிக்குத்தான் போனார். எடுத்தார். திருப்பினார். சொட்டைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது என்ன மாப்பிள்ளை?"

குமாஸ்தாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஃபிரிட் போட்டு ஒட்டிவிட்டது. ஆனால் மனைவி முந்திக்கொண்டாள்.

"அது ஆரம்பத்துல இருந்தே இருக்குதே அண்ணா!" என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி.

நமக்காக உடன்பிறந்தவரிடமே பொய் சொல்கிறாளே என்று குமாஸ்தாவுக்குக் கண் கலங்கியது.

"எனக்கே சொல்றியா? இந்தச் சொட்டு என் கையெழுத்துடி!" என்று அண்ணன் கடகடவென்று சிரித்தார். "முப்பது வருஷமா ஒருத்தனால இதைக் காப்பியடிக்க முடியலையே!"

குமாஸ்தா தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறைக்குள் நழுவினார். அங்கே டீ ஆற்றிக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாள், தலை நிமிராமல், ரகசியக் குரலில் சொன்னாள்:

"அடுத்த தடவை பென்சில்ல இருக்கிற இருபத்தஞ்சையே போடுங்க ஐயா, அது அம்மா உடைச்சப்போ அம்மா எழுதினது, பச்சை மையில நாப்பதுன்னு இருக்கே, அது நான் உடைச்சப்போ நான் எழுதினது."