உட்காராத வட்டக்கத்தி மாமா

திருவனந்தபுரத்திலேயே உட்காரத் தெரியாத ஒரே மனிதர் வட்டக்கத்தி மாமாதான். பொய் என்பவர்கள், அவர் உட்கார்ந்து தாங்கள் பார்த்த இடத்தைச் சொல்லட்டும்!

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிது. சாலைக் கடைத்தெருவில் ஒரு காகிதப் பட்டறையில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஆள் உயரக் காகிதச் சுருளை மெஷினில் ஏற்றினால், சுழலும் வட்டக் கத்திகள் அதைப் பார்சல் ஒட்டும் நாடாக்களாக அறுத்துத் தள்ளும். அந்தக் கத்திகளை விற்கத்தான் வலியசாலையிலிருந்து மாமா வருவார். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. சொல்ல அவருக்கும் நேரமில்லை.

"சாமி, இரியும்" என்பார் முதலாளி, நாஞ்சில் நாட்டுப் பிள்ளை.

"ஐயோ, ஒக்காரப்படாது! ஒக்காந்தா ஆர்டரும் ஒக்காந்துடும். ஆர்டர் குடுங்கோ, அப்பறம் எழுந்துக்கவே மாட்டேன்."

சொல்லிக்கொண்டே மேஜையைச் சுற்றுவார், வாசலுக்குப் போவார், திரும்பி வருவார். பார்க்கிற நமக்குக் கால் வலிக்கும்.

"சீமைக் கத்தி மழுங்கினா தூக்கிப் போடறேள். இது கோயம்புத்தூர்க் கத்தியாக்கும். சாணை பிடிச்சுப் பிடிச்சு ஓட்டலாம். வெல பாதி, ஆயுசு ரெட்டிப்பு!"

"வெல கொறஞ்சா கொணமும் கொறையும் சாமி."

அவ்வளவுதான், மாமாவுக்கு ரோஷம் வந்துவிடும். மரப்பிடியில் கத்தியைச் சொருகி, கண்ணில் பட்டதையெல்லாம் அறுத்துக் காட்டுவார். நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை, என் கையில் இருக்கும்போதே நெடுக்காக அறுத்துவிட்டார். அன்று மந்திரிசபை கவிழ்ந்ததா நின்றதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காப்பிக் கிளப்பில் யாரோ ஒருவரின் இலையில் இருந்த அடையை எட்டாகப் போட்டு, "பிசிறு இருக்கா பாருங்கோ" என்று அவரிடமே கேட்டாராம். பாவம், அந்த ஆள் இலையோடு வேறு மூலைக்குப் போய்விட்டார்.

ஒரு நவராத்திரி சமயம். மாமா சுற்றியபடியே குரலை இறக்கினார். "பிள்ளைவாள், பண்டிகை முடியறதுக்குள்ள ஒரு ஆர்டராவது வரலேன்னா, கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரா ஏஜென்சியப் பிடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துடுவாளாம். எனக்கு வேற தொழில் தெரியாது, கேட்டேளா?"

முதலாளி மூக்கைச் சொறிந்தார். "விஜயதசமிக்கு மெஷின் ஓட்டும்போ உம்ம கத்தியவே மாட்டிப் பாப்போம். பிசிறு வந்துதோ, பொறவு இந்தப் படி ஏறப்பிடாது."

எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்கு வைத்த கருவியை விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. பட்டறையில் நடந்த அந்தப் பூஜையில் தன் கத்திகளையும் வைத்தார் மாமா. வைக்குமுன் சந்தனத்தைக் குழைத்து, இருபுறமும் விளிம்புவரை அப்பி, மேலே குங்குமத்தை வாரி இறைத்தார். மறுநாள் முழுக்க ஜன்னலுக்கும் தெருவுக்கும் நடைதான்.

"கத்தி இருக்கோன்னோ?"

"இருக்கு மாமா. அது எங்கே ஓடும்?"

விஜயதசமி காலையில் மெஷின் ஓட்டும் குட்டன் துணியோடு வந்தான். "மாமா, ஒண்ணு துடைச்சுட்டு மாட்டட்டே?"

"பிரசாதம்டா! தொடைக்கப்படாது. அப்படியே மாட்டு!"

மாட்டினான். மெஷின் சர்ரென்று கிளம்பியது. அடுத்த நொடி காகிதம் சிவப்பு, சுவர் சிவப்பு, முதலாளியின் வெள்ளை ஜிப்பா சிவப்பு. அவருடைய வழுக்கைத் தலைக்குச் சாட்சாத் குங்கும அபிஷேகம்!

"எடும் ஓய் உம்ம கத்திய!"

மாமா முதல்முறையாக அசையாமல் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பாய்ந்து ஒரு நாடாவை எடுத்து நீட்டினார். "செவப்பப் பாக்காதேங்கோ. ஓரத்தப் பாருங்கோ... ஓரத்த மட்டும் பாருங்கோ."

முதலாளி ஓரத்தைத் தடவினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தடவினார். பிசிறு இல்லை.

"குட்டா, கத்தியத் தொடச்சு மாட்டுடே. சாமிக்கு ஆர்டர் போடணும்" என்றவர், மாமாவின் பக்கம் திரும்பினார். "இப்பமாவது இரியும்."

மாமா என் ஸ்டூலில் உட்கார்ந்தார். கிளப்புக்கு ஓடிப்போய்க் காப்பி வாங்கிவந்தேன். அதற்குள் சுவரில் தலை சாய்த்து, வாய் திறந்து, குழந்தை மாதிரி தூங்கிவிட்டார். எத்தனை நாள் களைப்போ!

காய்ச்சலில் கிடந்தாலும் மெஷினை நிறுத்தவிடாத முதலாளி, விஜயதசமியும் அதுவுமாகக் கையை உயர்த்தினார்.

"நிறுத்துடே குட்டா. சத்தத்துல முழிச்சுக்கிடுவாரு."

காப்பி ஆறிப்போனது. எழுப்ப எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.