கோழியில்லாத கோழிக்கடை

கோழிக்கடை வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறவன் கோழியைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போக வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் லெக் பீஸ் மட்டும்தான். ஆனால் வாய் இருக்கிறதே, அது அப்போது எனக்குத் தரமணியிலிருந்து தாம்பரம் வரை நீளம்.

நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்காகக் காத்திருந்த நேரம். சரண்யாவின் அப்பா ஏகாம்பரத்துக்கு மேற்கு மாம்பலத்தில் கோழிக்கடை. முன்னால் விற்பனை, பின்னால் வெட்டுமிடம், பக்கவாட்டில் உயிர்க்கோழிகளின் கூண்டு. கடை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், ஆய்வுக்கு வருகிறோம் என்று மாநகராட்சியிலிருந்து தகவல் வந்திருந்தது. சுவருக்கு டைல்ஸ், கழிவுக்கு மூடி போட்ட தொட்டி, வெட்டுகிறவருக்கு மருத்துவச் சான்றிதழ், ஈ நுழையாத வலை என்று ஏகப்பட்ட விதிகள். மாமா எல்லாவற்றையும் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார். (இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். நான் கை வைப்பதற்கு முன் அந்தக் கடையில் ஒரு குறையும் இல்லை.)

ஆனாலும் மனுஷனுக்குப் பயம்.

"லைசென்ஸ் வர்லன்னா கடைக்குப் பூட்டுதான் மாப்ள. பூட்டு போட்ட கடைய வெச்சிக்கினு பொண்ணு கல்யாணத்துல எப்டி தல நிமுந்து நிப்பேன்?"

"ஆடிட்டெல்லாம் எனக்கு ஜுஜுபி மாமா. எங்க ஆபீஸ்ல மாசா மாசம் நடக்குது. எங்கிட்ட விட்ருங்க."

சரண்யா என்னைப் பார்த்த பார்வையில் பெருமை தெரிந்ததாக நினைத்தேன். பின்னாளில் கேட்டபோது அது சந்தேகம் என்றாள்.

எங்கள் அலுவலகத்தில் ஆடிட் என்றால் ஒரே சூத்திரம்தான். வேலை நடப்பதற்கான அடையாளமே வருகிறவர் கண்ணில் படக்கூடாது. மேசை மேலிருக்கும் அத்தனையையும் இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுவோம். அதையே இங்கேயும் செய்தேன். கடையில் அசிங்கம் செய்வது யார்? கோழி. கத்துவது யார்? கோழி. நாற்றத்துக்குக் காரணம் யார்? அதே கோழி. ஆகவே கோழியை அப்புறப்படுத்திவிட்டால் கடை பளிங்கு மாதிரி இருக்கும். (இந்த மூளையை நம்பித்தான் ஒரு நிறுவனம் எனக்கு வேலை கொடுத்திருந்தது.)

பக்கத்துத் தெருவில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறைக்கு முன்னால் மொட்டைமாடி காலியாகக் கிடந்தது. கீழே வீட்டுக்கார மாமி. நான் மேலே பூண்டு உரித்தாலே கீழே ஜன்னலைச் சாத்துகிறவர். ஆனால் ஆய்வு நாளன்று அவர் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பது என் கணக்கு. மாமி ஸ்கூட்டியில் கிளம்பியதும் பிராய்லர், நாட்டுக்கோழி எல்லாவற்றையும் கூண்டோடு மாடியில் ஏற்றிவிட்டேன்.

"கோயி இல்லாத கோயிக்கடையா? இன்னா மாப்ள சொல்றீங்கோ?" என்று மாமா இழுத்தார்.

"நீங்க பேசாம இருங்க மாமா" என்றேன்.

அதிகாரி வந்தார். சுவரைத் தடவினார், தொட்டியைத் திறந்தார், கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அடித்து வைத்திருந்த ரோஜா வாசனை ஸ்ப்ரேயில் பலமாகத் தும்மினார்.

"எல்லாம் சரி. கோழி எங்கே?"

"இல்ல சார்" என்றேன், வெற்றிப் புன்னகையோடு.

"இல்லன்னா?"

"ஒரு றெக்கைகூடக் கிடைக்காது சார். தேடிப் பாருங்க."

அவர் மாமா பக்கம் திரும்பினார். "வெட்டுறதுக்கு முன்னாடி கோழிக்கு நோய் இருக்கான்னு பாக்கணும். கூண்டு எப்படி இருக்கு, தண்ணி வெக்கிறீங்களான்னு பாக்கணும். கோழியே இல்லாத கடைக்கு என்னன்னு லைசென்ஸ் தர்றது? செத்த கோழிய வாங்கி விக்கிறீங்களோன்னு எனக்கு சந்தேகம் வராதா?"

மாமா முகத்தில் ஈயாடவில்லை. (வலைதான் போட்டாயிற்றே.) உரிமம் போனால் கடை போகும். கடையை மூட வைத்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

"அஞ்சே நிமிஷம் சார், கொண்டாந்துடறேன்" என்று பாய்ந்தேன்.

"இருங்க. வெச்சிருக்கிற இடத்தையும் நான் பாக்கணும்" என்று அவரும் கூடவே வந்தார். பின்னால் மாமா.

கூண்டுக் கொக்கியை நான் சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது. கோழிகள் படியிறங்கி வாசலுக்கு வந்து, மாமி போட்டிருந்த அரிசிமாக் கோலத்தைச் சுற்றி நின்று பந்தியில் உட்கார்ந்த மாதிரி கொத்திக்கொண்டிருந்தன. நாட்டுச் சேவல் ஸ்கூட்டி சீட்டின் மேல் நின்று கூவியது. ஸ்கூட்டி வந்துவிட்டது என்றால் மாமியும் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

"ஏம்பா பாஸ்கர், நான் கோயிலுக்குப் போயிட்டு வரதுக்குள்ள ஆத்துல கோழிப்பண்ணை ஆரம்பிச்சுட்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி முந்திக்கொண்டார். "நீங்கதான் இடத்துக்குச் சொந்தக்காரரா? இங்க கோழி வெக்க அனுமதி வாங்கியிருக்கீங்களாம்மா?"

"அனுமதியா? முட்டை போட்ட கேக்கைக்கூட இந்தப் படி தாண்ட விட்டதில்லே நான்!"

அதிகாரிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அங்கேயே, மாமா ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, கண், அலகு, கால் என்று பார்த்தார். மாமி கேட்டைப் பிடித்தபடி, "அந்த வெள்ளை கொஞ்சம் சோர்வா இருக்கு, நன்னா பாருங்கோ" என்று எடுத்துக்கொடுத்தார். கடைசியில் அதிகாரி கை கழுவிக்கொண்டே சொன்னார்: "கோழிங்க எல்லாம் நல்லா இருக்கு. கடையில கொண்டுபோய் வையுங்க. அடுத்த வாரம் மறுபடி வர்றேன். அப்ப இந்தத் தம்பி மட்டும் வேணாம்."

நான் இல்லாததால் உரிமம் வந்தது. கல்யாணமும் நடந்தது. மாமி அறையைக் காலி செய்யச் சொல்லவில்லை. கல்யாணம் வரை தினமும் வாசலில் நான்தான் கோலம் போட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது.

இன்றைக்கும் ஆய்வு வருகிறதென்றால் எனக்குத் தேதி சொல்ல மாட்டார்கள். சரண்யா திடீரென்று, "மகாபலிபுரம் போய் ரொம்ப நாளாச்சே, நீங்க மட்டும் ஒரு நடை போயிட்டு வாங்களேன்" என்பாள். நானும் புரிந்துகொண்டு கிளம்பிவிடுவேன். போன தடவை அதே அதிகாரிதான் வந்திருக்கிறார். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கோழியெல்லாம் இருக்கு. உங்க மாப்பிள்ளையத்தான் காணோம்?" என்று கேட்டாராம்.

"நீங்கோ வர்றீங்கோன்னு அவர ஒளிச்சி வெச்சிட்டேன் சார்" என்றாராம் மாமா.

அதிகாரி நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டாராம்.