மூச்சுக்கு முந்நூறு தரம்

"சர்வர் மறுபடியும் நின்னுடுச்சு. ரெண்டு மாடியும் சும்மா உட்கார்ந்திருக்கு. எப்பம்மா தீரும் இது?" என்றார் மேனேஜர் தங்கச்சன்.

"தடம் பிடிச்சிட்டிருக்கேன் சார்," என்றாள் ஜிஷா. "ஏதோ ஒரு புரோகிராம், எழுதினதை டிஸ்க்ல இறக்கு, இறக்குன்னு மூச்சுக்கு முந்நூறு தரம் கூப்பிடுது. எதுன்னுதான் தெரியல."

"சீக்கிரம் கண்டுபிடி. இது முடிஞ்சதும் உன்னை பூனாவுக்கு அனுப்பணும்."

பக்கத்து நாற்காலியில் பிரமோதுக்கு வியர்த்தது. கூப்பிடுவது அவனுடைய புரோகிராம்தான். காக்கநாட்டு மழையில் கரண்ட் போய்விடுமே என்று பயந்து, வரிக்கு வரி டிஸ்க்கில் இறக்கச் சொல்லி ஒரு கட்டளை போட்டிருந்தான். ஒவ்வொரு டிக்கெட் கிழித்ததும் கண்டக்டர் டிப்போவுக்கு ஓடிப் பணம் கட்டிவிட்டு வந்தால் பஸ் எப்படி நகரும்?

தப்பு தெரிந்த அன்றே எடுத்திருக்கலாம். அதற்குள் ஜிஷா கோளாறு தேடி அவன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். டீக்கு வாங்கிய பழம்பொரியைப் பிய்த்துப் பெரிய துண்டை அவனிடம் நீட்டினாள். கட்டளையை எடுக்கப் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

ஆனால் தன்னால் அவள் திட்டு வாங்குவதையும் பொறுக்க முடியவில்லை. போனால் போகட்டும், நல்லா இருக்கட்டும் என்று அன்று மாலை கட்டளையை எடுத்துவிட்டான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை.

காலையில் வந்தால் சர்வர் அதே திணறல். திறந்து பார்த்தான். கட்டளை இருந்த இடத்திலேயே இருந்தது. ஊரில் உள்ளதையெல்லாம் டிஸ்க்கில் இறக்கியவன், இதை மட்டும் சேமிக்க மறந்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு மறுபடி எடுத்தான்.

மத்தியானம் சர்வர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. திறந்தான். இப்போது அதே கட்டளை இரண்டு இடத்தில் இருந்தது.

"பூனாக்காரன் போன் மேல போன் போடுறான், ஜிஷா," என்று கத்தினார் தங்கச்சன். "இதை விட்டுட்டு உன்னை எப்படி அனுப்புவேன்?"

பிரமோத் கேன்டீனுக்கு ஓடினான். ஜிஷாவோடு வேலை பார்க்கும் சிபி அங்கே சுலைமானி டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

"நான்தான்டா செஞ்சேன். எடுத்தாலும் போகமாட்டேங்குது. அவளுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா."

சிபி ஒரு வாய் குடித்தான்.

"தடம் பிடிக்கிறது அரை மணி வேலை சேட்டா. முதல் நாளே அவ கையில உங்க பேரு வந்துடுச்சு. நீங்க எடுக்க எடுக்க அதைத் திரும்பப் போடுறது யாருன்னு நினைச்சீங்க?"